எண்பத்தைந்து அமாவாசைக் கடுகு

மணற்காட்டுத்துறையில் சுந்தரி வீட்டு அடுப்பில் ஏழு வருடம் கடுகு வெடிக்கவில்லை. எண்ணெய் புகைகிற அளவுக்குக் காய்ந்தது, கறிவேப்பிலை சடசடத்தது, மிளகாய் கமறித் தெருவையே தும்ம வைத்தது. கடுகு மட்டும் சட்டியின் அடியில் போட்டது போட்டபடி கிடந்தது. வேதாரண்யத்திலிருந்து உப்பளங்களைத் தாண்டிக் கடலோரமாகப் போனால் வருகிற குப்பம் அது. இப்போது அங்கே போய் யாரைக் கேட்டாலும், இறால் என்ன விலைக்குப் போகிறது என்று சொல்கிற குரலில் இதையும் சொல்லிவிட்டு வலையைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். வெடிக்காத கடுகை அவர்கள் பார்த்தார்கள், அவ்வளவுதான். அதைத் தின்றவள் சுந்தரி. சூடு ஏற ஏற அது உப்பும். கறுப்பு போய் ஈரல் நிறம் வரும். தோல் கழன்று, உள்ளே இருப்பது கொழகொழவென்று பிதுங்கி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, செத்த நண்டுகளின் கண்களை அள்ளிப் போட்டதுபோல எண்ணெயில் மிதக்கும். நனைந்த சாக்கை மூடி வைத்தால் வருகிற நாற்றம் வரும். ரசத்தில் கொட்டினால் பல்லிடுக்கில் போய் உட்கார்ந்துகொண்டு நாள் முழுக்கக் கசக்கும்.

அவள் புருஷன் குணசேகரன், கஜா புயலுக்கு முந்தைய வருடம் ஆவணி மாதத்தில், ஃபைபர் படகை எடுத்துக்கொண்டு தனியாகக் கடலுக்குப் போனான். மூன்றாம் நாள் கோடியக்கரைக்குக் கிழக்கே படகு மட்டும் ஆடிக்கொண்டு நின்றது. வலை இருந்தது, தண்ணீர்க் கேன் இருந்தது, பாதி தின்ற புளிச்சோறு இருந்தது, ஆள் இல்லை. குப்பமே அழுதது. சுந்தரியும் அழுதாள், ஆனால் அவள் அழுதது வேறு அழுகை, பல்வலி சட்டென்று நின்றால் வருகிற மாதிரி. குணசேகரனைப் பற்றி, செத்தவனாயிற்றே என்று பார்க்காமல் சொல்லவேண்டுமானால், அவன் ஓர் அருவருப்பான ஆள். குழம்புச் சட்டியில் கரண்டி கிடக்கும்போதே விரலை விட்டு நக்கிப் பார்த்து, அதே விரலை மறுபடியும் விடுவான். தின்று முடித்த தட்டிலேயே வாய் கொப்பளித்து, காறியும் துப்பி, அதை அவள் பக்கம் தள்ளுவான். கால் நகத்தைப் பல்லால் கடித்துத் துப்புகிற உடம்பு வாகு அவனுக்கு இருந்தது, அதில் பெருமையும் இருந்தது. இதையெல்லாம்கூடச் சகித்துக்கொள்ளலாம். தாளிப்பில் கடுகு ஒரு நொடி கூடுதலாகக் கிடந்து கருகிவிட்டால் நாக்கில் வைத்த உடனே கண்டுபிடித்துவிடுவான். அப்படிக் கண்டுபிடித்த ஒருநாள், கொதிக்கிற தாளிப்புச் சட்டியை எடுத்து அவள் இடது கையில் கவிழ்த்தான். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் சுருங்கிக் கிடக்கிறது, கடுகு ஒட்டிய இடமெல்லாம் புள்ளி புள்ளியாக.

அந்தக் கரையில் துக்க வீட்டில் தாளிக்கமாட்டார்கள். சாவு விழுந்த நாளிலிருந்து பதினாறு நாள் குழம்பும் ரசமும் தாளிப்பு இல்லாமலே இறங்கும். கருமாதி அன்று வீட்டுக்காரி அடுப்பில் சட்டி வைத்து, எண்ணெய் ஊற்றி, ஒரு சிட்டிகை கடுகு போடுவாள். அது வெடிக்கிற சத்தம் கேட்டால் துக்கம் கழிந்தது, செத்தவர் போய்ச் சேர்ந்தார், இருக்கிறவர்கள் இனி வாய்க்கு ருசியாகச் சாப்பிடலாம். எல்லா வீட்டிலும் அது வெடிக்கும். கடுகு என்றால் வெடிக்கத்தானே செய்யும். அதை ஒரு சோதனை என்று யாரும் நினைத்ததே இல்லை. குணசேகரன் உடம்பு கிடைக்காததால் தர்ப்பையில் ஓர் உருவம் செய்து எரித்துவிட்டு, பதினாறாம் நாள் சுந்தரி கடுகைப் போட்டாள். வெடிக்கவில்லை. இன்னொரு சிட்டிகை போட்டாள். தீயைக் கூட்டினாள். சட்டியே சிவந்துபோயிற்று. கூடத்தில் உட்கார்ந்திருந்த சனம் எழுந்து வந்து அடுப்படி வாசலில் கூடியது. கடைசியில் குப்பத்துப் பஞ்சாயத்துத் தலைவர் பஞ்சநாதன், தன் ஆயுளில் எந்த அடுப்படிக்குள்ளும் நுழைந்திராதவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே வந்து சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். வெற்றிலைச் சாறு ஒரு சொட்டு அதில் விழுந்தது.

"வெடிக்கல," என்றார். "அப்ப ஆளு இருக்கான்."

இந்த நாலு வார்த்தைதான் தீர்ப்பு. அந்த வீட்டில் என்றைக்குக் கடுகு வெடிக்கிறதோ அன்றைக்குக் குணசேகரன் இறந்ததாகக் கொள்வது, அதுவரை உயிரோடு இருப்பதாகக் கொள்வது என்று கோயில் நோட்டில் எழுதிப் பஞ்சாயத்தார் பதினான்கு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். மாமியார் அம்சவல்லி, என் மகன் எங்கேயோ பிழைத்துக் கிடக்கிறான் என்று சுந்தரியைக் கட்டிக்கொண்டு அழுதாள். சுந்தரி அந்தப் பிடியிலிருந்து விடுபட்டுக் கொல்லைக்கு ஓடி வாந்தி எடுத்தாள். உண்டாகியிருக்கிறாள் போல என்று இரண்டு பெண்கள் பேசிக்கொண்டார்கள். அதுவும் இல்லை.

உயிரோடு இருக்கிற புருஷனுக்கு என்னென்ன உண்டோ அத்தனையும் குணசேகரனுக்கு நடந்தது. தினமும் மத்தியானம் முதல் இலை அவனுக்கு. மீன் தலை அவனுக்கு. அம்சவல்லி பக்கத்தில் உட்கார்ந்து விசிறியால் ஈ ஓட்டுவாள். பொழுது சாய்கிறவரை யாரும் அந்த இலையைத் தொடக்கூடாது. வெயில் காலத்தில் மூன்று மணிக்கெல்லாம் குழம்பில் நுரை கட்டிவிடும், மீன் கண் வெளுத்து வெளியே தள்ளும், ஈ போன பக்கம் எறும்பு வரும். அதை வழித்துக் கொட்டுகிற வேலை சுந்தரிக்கு. அவன் இருந்தபோதும் அவன் எச்சிலை அவள்தான் எடுத்தாள், இல்லாதபோதும் அவள்தான் எடுத்தாள். பூவும் பொட்டும் வைத்துக்கொண்டாக வேண்டும். பிறந்த வீடு நாகப்பட்டினம் பக்கம். அங்கே போய் இரண்டு நாள் தங்கக்கூடாது, புருஷன் வந்து பார்த்தால் என்ன நினைப்பான்? கருவாட்டுக் கூடையோடு வேதாரண்யம் சந்தைக்குப் பஸ் ஏறுகிறவள் வெளிச்சம் இருக்கும்போதே திரும்பியாக வேண்டும். இவை எதுவும் அவளுக்குப் பெரிதில்லை. பெரிது ஒன்றே ஒன்றுதான். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் அவள் இடது கை தானாக முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். மீன்காரர் வந்தாலும் போகும், கேஸ் சிலிண்டர்காரர் வந்தாலும் போகும். அவன் செத்துவிட்டான் என்று ஊர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்க்க உட்காரலாம். அவள் கேட்டது அவ்வளவுதான், அதைக் கொடுக்கக் கடுகுக்கு மனம் வரவில்லை.

சரக்கில்தான் கோளாறு என்று முதலில் பேச்சு வந்தது. வேதாரண்யத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் அப்துல் மஜீதுக்கு அது பொறுக்கவில்லை. அதே மூட்டையிலிருந்து ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு மனைவி ஹமீதா பானுவோடு ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். பக்கத்து வீட்டு அடுப்பில் ஹமீதா பானு ஒரு கரண்டி போட்டாள். மூடியைத் தூக்கிக்கொண்டு வெடித்தது. அந்தச் சூட்டோடு சட்டியைத் துணியால் பிடித்துக்கொண்டு சுந்தரி வீட்டு வாசற்படியைத் தாண்டினாள். வெடித்துப் பிளந்து கிடந்த கடுகு ஒவ்வொன்றும் வாயை மூடிக்கொண்டு, உருண்டு திரண்டு, மறுபடி முழுக் கடுகாயிற்று. மூடும்போது பல்லி சொல்வது மாதிரி ஒரு சின்னச் சத்தம் வந்ததாக ஹமீதா பானு பிறகு கடைக்கு வந்தவர்களிடம் சொன்னாள்.

"சரக்கு மேல குத்தம் இல்லம்மா," என்றார் மஜீது, நெஞ்சில் கை வைத்து. "வீட்டு மேலதான்."

அடுத்த வருடம் கஜா வந்து அந்த வீட்டையும் தூக்கிக்கொண்டு போயிற்று. கூரை எங்கே போய் விழுந்தது என்று இன்றுவரை தெரியாது. சுந்தரி முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு, கடைசியில் ஒரு நல்லது நடந்தது என்று நினைத்தாள். புது இடத்தில், புதுச் சிமெண்டுச் சுவருக்குள், புது கேஸ் அடுப்பில், புதுச் சட்டியில், கடுகு அதே மாதிரி உப்பி அதே மாதிரி நாறியது.

அமாவாசை அன்று மணற்காட்டுத்துறையில் கடலுக்குப் போகமாட்டார்கள். வேலை இல்லாத ஆண்களுக்குச் சுந்தரி வீட்டு அடுப்படி வாய்த்தது. மாதம் ஒருமுறை பார்த்து வைப்போம் என்று முதலில் பஞ்சநாதன் மட்டும் வந்தார். பிறகு சாட்சிக்கு இரண்டு பேர். பிறகு பதினான்கு பேரும். ஒருத்தன் ஜன்னலோரம் நின்று மூக்கைக் குடைவான். ஒருத்தன் அக்குளைச் சொறிந்த கையாலேயே கடுகு டப்பாவுக்குள் துழாவி, நல்லதாக நாலு பொறுக்கிப் போடுவான். ஆளுக்கொரு டீ குடித்துவிட்டு டம்ளருக்குள் பீடியை அணைப்பார்கள். சட்டிக்கு மேல் குனிந்த நெற்றிகளிலிருந்து வேர்வை எண்ணெயில் சொட்டும். அது மட்டும் படபடவென்று வெடிக்கும். "அந்தா வெடிச்சிருச்சுடா" என்று ஒருத்தன் கத்த, மற்றவர்கள் சிரிப்பார்கள். ஒவ்வொரு அமாவாசையும் அதே கத்தல், அதே சிரிப்பு. எண்ணெய் ஆறியதும் பஞ்சநாதன் ஆள்காட்டி விரலை விட்டு ஒரு கடுகை எடுத்து, நசுக்கி, முகர்ந்து, மிச்சத்தைச் சுவரில் தடவிவிட்டு, "இருக்கான்" என்பார். கொரோனா வந்தபோது முகக்கவசம் போட்டுக்கொண்டு வந்தார்கள், முகரும்போது மட்டும் கழற்றினார்கள். மயிலாடுதுறையிலிருந்து ஒரு குடும்பம், காணாமல் போன மாப்பிள்ளை இருக்கிறாரா என்று பார்த்துச் சொல்லக் கடுகோடு கார் பிடித்து வந்தது. அவர்களுக்கும் டீ போட்டாள். குணசேகரன் இருக்கவேண்டும் என்று உனக்கு ஆசை உண்டா என்று பதினான்கு பேரில் ஒருத்தன் வாய் தவறியாவது அவளைக் கேட்டதில்லை. அவர்கள் போன பிறகு அவள் அடுப்படித் தரையை மூன்று தடவை கழுவுவாள். ஆண்பிள்ளை என்றாலே தேய்த்துக் கழுவவேண்டிய ஒரு பிசுக்கு என்று அவளுக்குப் படத் தொடங்கியது. பெருமாள் கோயில் அர்ச்சகர் குங்குமம் நீட்டினால்கூட விரலைத்தான் பார்த்தாள்.

ஆறு வருடம் முடிந்த சமயம் சந்தைக்குப் போன இடத்தில் சந்திரலேகா என்கிற வக்கீலம்மாவைப் பிடித்து விஷயத்தைச் சொன்னாள். ஒருவரைப் பற்றி ஏழு வருடம் தகவலே இல்லையென்றால் இறந்ததாக எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கோர்ட்டைக் கேட்கலாம், அடுத்த ஆவணி பிறந்ததும் வாங்க என்றார் அவர். சுந்தரி அதைப் பஞ்சநாதனிடம் சொன்னபோது அவர் வெற்றிலையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றிக்கொண்டார். "கோர்ட்டுல கடுகு தாளிப்பாங்களா?" என்று கேட்டார். ஆனாலும் அவள் அந்த ஆவணியைப் பற்றிக்கொண்டு ஒரு வருடத்தை ஓட்டினாள். எண்பத்தைந்தாவது அமாவாசையும் வந்து, நாறி, போயிற்று.

ஏழு வருடம் முடியப் பத்தொன்பது நாள் இருக்கையில், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், குணசேகரன் வந்தான். வெறுங்காலோடு வந்தான், சத்தமே இல்லை. தலைக்கு மை அடித்திருந்தான், வயிறு முன்னால் வந்திருந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு கூடத்துக்கு வந்து, தனக்காகப் போட்டிருந்த இலைக்கு முன்னால், கொல்லைக்குப் போய்விட்டு வந்தவன் மாதிரி உட்கார்ந்தான். அம்சவல்லி கையிலிருந்து விசிறி விழுந்தது. அவன் முகத்தைத் தடவினாள், தோளைத் தடவினாள்.

"எங்கய்யா இருந்த இத்தன வருசம்?"

"கொல்லத்துலதாம்மா. அங்க ஒரு குடும்பம் ஆயிப்போச்சு. இப்ப அவ தொரத்திட்டா," என்று சிரித்தான் குணசேகரன். "போன் பண்ணணும்னு நெனப்பேன். அப்பறம் மறந்துருவேன்." பல்லிடுக்கில் இருந்த முள்ளைப் பிடுங்கி எடுத்துப் பார்த்துவிட்டு, மறுபடி வாயில் போட்டு உறிஞ்சினான். பிறகு குழம்புச் சட்டியில் விரலை விட்டு நக்கினான். "என்னடி, தாளிக்கவே இல்ல? போயித் தாளிச்சுக் கொண்டா."

சுந்தரி அவனைப் பார்த்தாள். ஏழு வருடமாக வாசலில் நின்ற பயம் இதுதானா? மோவாயில் குழம்பு வழிய, தொப்புளைச் சொறிந்துகொண்டு, ஜன்னல் கட்டையில் இருந்த அவள் ஹேர்பின்னை எடுத்துக் காதைக் குடைந்து, குடைந்ததை முகர்ந்து பார்க்கிற இந்தச் சதை மூட்டையா? அவளுக்குக் குமட்டியது. அழுகிய கணவாய் மீனை வெறுங்காலால் மிதித்துவிட்டால் எப்படிக் குமட்டுமோ அப்படிக் குமட்டியது. அழுகிய கணவாயைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. இடது கை முதுகுக்குப் பின்னால் போகும் என்று காத்திருந்தாள். போகவில்லை. அங்கே நின்றால் வாந்தி வரும் என்பதற்காகத்தான் அடுப்படிக்குப் போனாள், போன இடத்தில் கை வழக்கப்படி சட்டியை வைத்து எண்ணெய் ஊற்றியது. வாசலில் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுக்கவே இல்லை, ஏழு வருடத்தில் முதல் தடவையாக. கடுகை அள்ளிப் போட்டாள்.

வெடித்தது. சட்டியில் போட்டது மட்டுமில்லை, டப்பாவில் இருந்தது, அலமாரி இடுக்கில் சிந்தியிருந்தது, சுவரில் பஞ்சநாதன் தடவித் தடவிக் காய்ந்து கிடந்தது, எல்லாம் வெடித்தது. தீபாவளிச் சரம் போலக் கோயில் வரைக்கும் கேட்டது. அந்த வீட்டில் கடுகு வெடித்தால் என்ன அர்த்தம் என்பது குப்பத்தில் எல்லோருக்கும் தெரியும். பெண்கள் தலைமுடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு, மாரில் அடித்துக்கொண்டு, "போயிட்டியா குணசேகரா" என்று ஓடி வந்தார்கள். பின்னாலேயே பஞ்சநாதனும் மற்றப் பதின்மூன்று பேரும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார்கள். வந்தவர்கள், கூடத்தில் குணசேகரன் மீன் தலையை உறிஞ்சிக்கொண்டிருப்பதைப் பார்த்து நின்றார்கள். ஒருத்தியின் ஒப்பாரி பாதி வார்த்தையில் நின்றுபோயிற்று.

"கடுகு வெடிச்சிருச்சு மாமா," என்றாள் சுந்தரி, கரண்டியோடு வந்து.

"கேட்டுச்சும்மா." பஞ்சநாதன் அவனைப் பார்த்தார், கரண்டியைப் பார்த்தார். "ஆனா ஆளு இந்தா உக்காந்திருக்கானே."

"ஏழு வருசம் வெறும் எலதான் கெடந்துச்சு. அத கண்ணால பாத்துக்கிட்டே ஆளு இருக்கான்னீங்க. கேட்டா கடுகு சொல்லுதுன்னீங்க. இப்பவும் கடுகுதான் சொல்லுது. இன்னிக்கு மட்டும் கண்ண நம்புவீங்களோ?"

பதினான்கு பேரும் மனதுக்குள் கணக்குப் போட்டார்கள். கடுகு இன்றைக்குப் பொய் என்றால் எண்பத்தைந்து அமாவாசையும் பொய், நோட்டு பொய், குடித்த டீ அத்தனையும் தண்டம். அதைவிட ஓர் ஆளைச் செத்தவனாக்குவது சுலபம். ஆனால் உயிரோடு தின்றுகொண்டிருப்பவனை நேருக்கு நேர் பார்த்து முதலில் யார் சொல்வது? "என்ன மாமா, வெளையாடுறீங்களா?" என்றான் குணசேகரன். அம்மாவின் முந்தானையை இழுத்து வாயைத் துடைத்துக்கொண்டான். செம்புத் தண்ணீரை எடுத்துக் கொப்பளித்து, அந்த இலையிலேயே காறித் துப்பி, இலையைச் சுந்தரி பக்கம் தள்ளினான்.

அம்சவல்லி இலையைப் பார்த்தாள். ஏழு வருடம் தினமும் ஈ அண்டாமல் அவள் காத்த இலை. எச்சில் பட்ட முந்தானையைப் பார்த்தாள். பிறகு எழுந்து இரண்டு எட்டு தள்ளிப் போய் உட்கார்ந்து, கொண்டையை அவிழ்த்து, மகன் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"போன படகு வந்துச்சே, என் பொன்னு மவன் வல்லையே..."

"யம்மா, நான் இங்கதானே இருக்கேன்," என்றான் அவன்.

அவள் குரலை உயர்த்தினாள். மற்றப் பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்து தோளோடு தோள் கட்டிக்கொண்டார்கள். அதற்கு மேல் பஞ்சாயத்தாருக்கு வேலை இல்லை; சங்கு ஊதுகிறவருக்கு ஆள் அனுப்பினார்கள்.

அன்றிலிருந்து பதினாறு நாள் கணக்கு. குணசேகரன் முதல் இரண்டு நாள் கத்தினான். இறந்தவர்கள் பஞ்சாயத்தில் முறையிட நோட்டில் இடம் இல்லை என்று பஞ்சநாதன் பொதுவாகக் காற்றைப் பார்த்துச் சொன்னார். மூன்றாம் நாளிலிருந்து ஈரமணலில் அவன் கால்தடம் பதிவது நின்றுபோயிற்று. நாகப்பட்டினம் பஸ்ஸில் ஏறிப் பார்த்தான். கண்டக்டர் முன்னால் இருந்தவருக்கும் பின்னால் இருந்தவருக்கும் டிக்கெட் கிழித்துவிட்டு அவனைத் தாண்டிப் போனார், ஒரு கிழவர் அவன் மடிமேல் பையை வைத்தார். கருமாதி விருந்தில் கடைசிப் பந்தியில் உட்கார்ந்து வடையும் பாயசமும் தின்றான், பாயசம் இரண்டு முறை. சாம்பாரில் கடுகு கொஞ்சம் கருகியிருந்தது. அதை நாக்கில் வைத்த உடனே கண்டுபிடித்துச் சத்தம் போட்டான், யார் காதிலும் விழவில்லை. சுந்தரி இடது கையில் வாளியைப் பிடித்துக்கொண்டு பந்தி முழுக்கப் பரிமாறிக்கொண்டே போனாள்.

மறு வாரம் அவள் பிறந்த ஊருக்குப் போய் ஒரு மாதம் தங்கிவிட்டு வந்தாள். ரேஷன் கார்டிலிருந்து குணசேகரன் பெயரை எடுத்தாயிற்று. அடுப்படிச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. அவன் கரையில் உடைந்து கிடக்கும் பழைய வலைக்கொட்டகையில் இருக்கிறான். வலை காயப்போடுகிறவர்கள் அவன் மேலேயே போட்டுவிட்டுப் போகிறார்கள், வேண்டுமென்று இல்லை. அமாவாசை அன்று ஆண்கள் இப்போது கேரம் ஆடுகிறார்கள். அம்சவல்லி மட்டும் தலை முழுகிவிட்டு, கொல்லைச் சுவர்மேல் ஓர் இலைத் துண்டில் பிடி சோறு வைத்து, சுந்தரி தாளித்த குழம்பை ஊற்றி, கா கா என்று கூப்பிடுகிறாள். காக்கை முந்தினால் காக்கைக்கு, குணசேகரன் முந்தினால் குணசேகரனுக்கு. அநேகமாகக் காக்கைதான் முந்துகிறது.